வைப்ரேட்டர்காரர் செய்த இரண்டாவது வேலை

"எஸ்சிசி தானே சார், எங்கேயிருந்து ஊத்தினாலும் அதுவே ஓடிப்போய் ரொம்பிக்கும்." கட்டுமானத் தளங்களில் இதை யார் யார் வாயிலிருந்தோ கேட்டிருக்கிறேன். எஸ்சிசி என்றால் செல்ஃப் காம்பாக்டிங் கான்கிரீட், தானே பரவி நிரம்பும் கான்கிரீட். மேஸ்திரி சொல்வார், பம்ப் ஓட்டுபவர் சொல்வார், பல வருட அனுபவமுள்ள புராஜெக்ட் மேனேஜரும் சொல்வார். முழுப் பொய் என்றால் மறுத்துவிட்டுப் போய்விடலாம். இது பாதிக்கு மேல் உண்மை என்பதால்தான் என்னால் விட முடியவில்லை. அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் ஊசி இல்லாமல், தன் எடையாலேயே கம்பிகளுக்கு நடுவே புகுந்து மூலைமுடுக்கெல்லாம் நிரப்பும் கான்கிரீட் அது. சரியான கலவையாக இருந்தால் சென்ட்ரிங் பிரித்ததும் சுவர் கண்ணாடிபோல வரும், ஹனிகூம் எனும் ஓட்டைகள் இருக்காது. ஆனால் "எங்கேயிருந்து ஊத்தினாலும்" என்ற அந்த இரண்டு சொற்களில் எவ்வளவு சிக்கல் இருக்கிறது என்பதை ஒரு தண்ணீர்த் தொட்டியின் சுவர்தான் எனக்குக் காட்டியது.

12 மீட்டர் நீளம், 4 மீட்டர் உயரம், 250 மி.மீ. கனம் கொண்ட சுவர். தொட்டியை நிரப்பிச் சோதித்தபோது ஒரு பக்கத்தில் கசிவு வந்தது. காரணம் கண்டுபிடிக்க எங்களைக் கூப்பிட்டார்கள். வெளிப்புறம் நின்று பார்த்தால் சுவரின் பாதி உயரத்தில், ஏறக்குறைய மட்டமாக, ஈரக்கோடு ஒன்று ஓடியது. கையால் தடவினால் மேடு பள்ளம் எதுவும் தட்டுப்படவில்லை, நிறம் மட்டும் லேசாக மாறியிருந்தது. சுவரின் ஒரு கோடியில் கோடு பளிச்சென்று தெரிந்தது. அங்கிருந்து மறுகோடியை நோக்கி நடந்தால் மெல்ல மங்கி, கடைசி இரண்டு மீட்டரில் இல்லாமலே போனது. அந்த மறுகோடியில்தான் பம்ப் ஹோஸைக் கட்டி வைத்து ஊற்றியிருக்கிறார்கள்.

கலவை சரியில்லை என்பது கட்டியவர்களின் கட்சி. கலவை கொடுத்தவர்களோ பதிவேட்டைத் திறந்து காட்டினார்கள். கான்கிரீட் கொண்டுவந்த இரண்டு வண்டிக்கும் ஸ்லம்ப் ஃப்ளோ, அதாவது கூம்பில் நிரப்பித் தூக்கினால் தட்டில் பரவும் வட்டத்தின் விட்டம், 700 மி.மீ. பக்கத்திலேயே இருந்தது, கம்பிகளுக்கு நடுவே ஓடுகிறதா என்று பார்க்கும் எல்-பாக்ஸ் சோதனை தேறியிருந்தது, இறுகிய கட்டியை நசுக்கி அளக்கும் கியூப் பலமும் தாராளமாக வந்திருந்தது. இரு தரப்பும் ஒளிக்காமல் பேசினார்கள், இரு தரப்பின் காகிதங்களும் ஒழுங்காக இருந்தன. அப்படியிருந்தும் சுவர் கசிந்தது.

ஜப்பானில் எதற்காகப் பிறந்தது

எஸ்சிசியின் கதை பலருக்கும் தெரியும் என்பதால் நீட்டவில்லை. 1980களில் ஜப்பானில் தேர்ந்த கட்டுமானத் தொழிலாளர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். கான்கிரீட்டின் ஆயுள் வைப்ரேட்டர் பிடிக்கும் ஒருவருடைய கையையும் பொறுமையையும் நம்பி இருக்கலாமா என்ற கேள்வியிலிருந்து, 1986இல் ஹஜிமே ஒகமுரா இந்த யோசனையை முன்வைத்தார். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் 1988இல் முதல் மாதிரி தயாரானது. ஆளை நம்பாத கான்கிரீட் வேண்டும் என்பதுதான் அடிப்படை. மனிதரைக் குறை சொல்லும் யோசனையாக இதை நான் பார்த்ததில்லை. நள்ளிரவில், நெருக்கமான கம்பிகளுக்கு மேல் நின்றபடி, கை மரத்துப்போகும்வரை ஊசியைப் பிடித்திருப்பவரின் தலையில் ஒரு கட்டடத்தின் ஆயுளை ஏற்றி வைப்பது நியாயமில்லை என்றுதான் புரிந்துகொள்கிறேன்.

ஆனால் அந்த வைப்ரேட்டர்காரர் செய்தது ஒரே வேலை இல்லை. காற்றை வெளியேற்றிக் கான்கிரீட்டை இறுக்குவது முதல் வேலை. அதைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். இரண்டாவது வேலையைப் பயிற்சியில் முதல் நாளே சொல்லித் தருவார்கள், அப்புறம் யாரும் பேசுவதில்லை: ஊசியைப் புது அடுக்கோடு நிறுத்தாமல், கீழே இருக்கும் பழைய அடுக்குக்குள்ளும் 100, 150 மி.மீ. இறக்க வேண்டும். இரண்டு அடுக்கும் ஒன்றாவது அப்படித்தான். எஸ்சிசி வந்ததும் முதல் வேலையைக் கான்கிரீட் எடுத்துக்கொண்டது. இரண்டாவது வேலையை யாரிடமும் ஒப்படைக்காமலேயே அந்த ஆளை அனுப்பிவிட்டோம்.

ஜப்பானியர்கள் அப்படி விட்டுவிடவில்லை. எஸ்சிசிக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வேலை அகாஷி கைக்யோ பாலம். 1998இல் திறந்தபோது 1,991 மீட்டர் நடுத் தாவலோடு (இரண்டு கோபுரங்களுக்கு இடையிலான தூரம்) உலகிலேயே நீளமான தொங்குபாலமாக இருந்தது. அதன் வடங்களை இழுத்துப் பிடிக்கும் இரண்டு நங்கூரக் கட்டுமானங்களில் மட்டும் 2,90,000 கன மீட்டர் கான்கிரீட் போயிருக்கிறது. இரண்டரை ஆண்டு ஆகவேண்டிய வேலை இரண்டு ஆண்டில் முடிந்தது என்பதைத்தான் எல்லா வகுப்பறையிலும் சொல்வார்கள். என்னை நிறுத்தியது வேறொரு விவரம். கலவை ஆலையிலிருந்து 200 மீட்டர் குழாய் வழியாகக் கான்கிரீட் வந்து, ஊற்றும் இடத்தில் 3 முதல் 5 மீட்டர் இடைவெளியில் வரிசை வரிசையாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு குழாயிலும் 5 மீட்டருக்கு ஒரு கதவு வால்வு. மேல்மட்டம் எல்லா இடத்திலும் ஒரே சீராக ஏறும்படி அந்த வால்வுகள் தானியங்கியாகத் திறந்து மூடியிருக்கின்றன. இந்தக் கான்கிரீட்டை உலகத்திலேயே நன்றாக அறிந்திருந்தவர்கள் "எங்கேயிருந்து ஊத்தினாலும் போதும்" என்று நினைக்கவில்லை. ஐந்து ஐந்து மீட்டராகத் திட்டம் போட்டு ஊற்றியிருக்கிறார்கள்.

ஒரு தட்டிலிருந்து ஒரு எண்

கணினிக்குப் போவதற்கு முன்பே, ஸ்லம்ப் ஃப்ளோ என்கிற அந்த ஒற்றை எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். எஸ்சிசியை ஓடவிடாமல் பிடித்து வைப்பது அதன் விளைவுத் தகைவு. தள்ளும் விசை அந்த அளவுக்குக் கீழே போனால் கான்கிரீட் நின்றுவிடும். மேலே போனால் எவ்வளவு கொழகொழப்பு என்று சொல்லும் பிசுக்குமையைப் பொறுத்து வேகமாகவோ மெதுவாகவோ நகரும். இந்த இரண்டு எண்களால் ஒரு பாய்மத்தை விவரிப்பதுதான் பிங்கம் மாதிரி. 2005இல் பிரான்ஸில் நிக்கோலா ரூசெலும் ஃபிலிப் கூசோவும், தட்டில் பரவிய வட்டத்தின் ஆரத்தை வைத்தே விளைவுத் தகைவைக் கணக்கிடும் வாய்ப்பாட்டைத் தந்தார்கள். அதில் ஆரம் ஐந்தாம் படியில் வருகிறது. 5.5 லிட்டர் கூம்பு, 2,300 கிலோ அடர்த்தி என்று போட்டால் 700 மி.மீ. பரவலுக்குச் சுமார் 23 பாஸ்கல். 600 மி.மீ. என்றால் 50. தட்டில் பத்து சென்டிமீட்டர்தான் குறைந்திருக்கிறது, ஓட்டத்துக்கான எதிர்ப்போ இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

இதை வைத்துச் சுவருக்கே ஒரு கைக்கணக்குப் போடலாம். இரண்டு பக்கப் பலகைகளும் கான்கிரீட்டைப் பிடித்து இழுக்கின்றன. 250 மி.மீ. இடைவெளியில் 23 பாஸ்கல் கான்கிரீட்டை நகர்த்த, மீட்டருக்கு 184 பாஸ்கல் அழுத்த வேறுபாடு வேண்டும், அதாவது மீட்டருக்கு 8 மி.மீ. சரிவு. 12 மீட்டருக்கு அப்பால் மட்டம் பத்து சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும். கம்பிகளையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். அப்படிப் பார்த்தால் ஒரு கோடியிலிருந்து ஊற்றியே சுவரை நிரப்பிவிடலாம். மேஸ்திரி சொன்ன பாதி உண்மை இதுதான்.

மீதிப் பாதி, கான்கிரீட் நின்றபிறகு வருகிறது. எஸ்சிசி ஓடும்போது இளகியிருக்கும், நின்றதும் உள்ளுக்குள் கட்ட ஆரம்பித்துவிடும். இது சிமென்ட் இறுகுவதற்கு வெகு முன்பே நடப்பது, கலக்கினால் திரும்பவும் இளகிவிடும். திக்ஸோட்ரோபி என்கிறோம். விளைவுத் தகைவு விநாடிக்கு இத்தனை பாஸ்கல் ஏறுகிறது என்று இதை அளப்பார்கள். ரூசெலின் வகைப்பாட்டில் 0.1க்குக் கீழே இருந்தால் பொருட்படுத்த வேண்டியதில்லை, 0.5க்கு மேல் போனால் மிகத் தீவிரம். இதே கலவையை ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இறக்கையைச் சுழற்றி எதிர்ப்பை அளக்கும் வேன் கருவியில் வைத்து அளந்தபோது 0.3 பக்கத்தில் வந்தது. நடுத்தரம்தான், பயப்படும்படியான எண் இல்லை.

சுவரின் கொள்ளளவு 12 கன மீட்டர். ஆறு கன மீட்டர் வண்டி இரண்டு. முதல் வண்டியைக் கால் மணி நேரத்துக்குள் காலி செய்திருக்கிறார்கள். இரண்டாவது வண்டி போக்குவரத்தில் மாட்டி, ஏறக்குறைய 40 நிமிடம் தாமதமாக வந்திருக்கிறது. அந்த 40 நிமிடம், அதாவது 2,400 விநாடி, பாதிச் சுவர் அசையாமல் நின்றிருக்கிறது. விநாடிக்கு 0.3 என்றால் 720 பாஸ்கல். 23இல் தொடங்கிய கான்கிரீட் 700ஐத் தாண்டியிருக்கிறது. அதை நகர்த்துவதற்கு வேண்டிய விசையில் முப்பதில் ஒரு பங்குதான் மேலே வரும் புதுக் கான்கிரீட்டின் சரிவுக்கு இருக்கும். புதியது பழையதன் முதுகில் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. ஹோஸுக்குக் கீழே மட்டும், விழும் வேகத்தில் பழையது கலங்கி இளகி இரண்டும் ஒன்றாகியிருக்கிறது. கோடு அந்தக் கோடியில் மறைந்துபோனது இதனால்தான். வைப்ரேட்டர் ஊசி இறங்கியிருந்தால் எல்லா இடத்திலும் மறைந்திருக்கும். இப்படி ஒட்டாமல் போன அடுக்குகளுக்கு இடையே பலம் 40 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. தண்ணீர்த் தொட்டியில் பலத்தைவிட முன்னால் கசிவுதான் கண்ணில் படும்.

கணினியில் ஊற்றிப் பார்த்தது

அடைப்புக் கலவையை ஊசிபோல் உள்ளே செலுத்திக் கசிவை அடைத்தார்கள், அந்த வேலை அதோடு முடிந்தது. ஆனால் அதே அளவில் இன்னொரு தொட்டி வரவிருந்தது. அதை எப்படி ஊற்றுவது என்று என்னிடம் கேட்டார்கள். தளக்கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரே யோசனைதான்: இன்னும் வேகமாக ஊற்ற வேண்டும், ஸ்லம்ப் ஃப்ளோவை 780க்கு ஏற்ற வேண்டும். கான்கிரீட் கட்டிப்போவதுதான் பிரச்சினை என்றால் வேகம்தானே மருந்து என்று எனக்கும் நியாயமாகவே பட்டது. ஆனாலும் ஊற்றிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கணினிக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் ஊற்றலாம், உடைக்கவும் வேண்டாம், அடைக்கவும் வேண்டாம்.

ஓப்பன்ஃபோம் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினேன். இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு கான்கிரீட், எவ்வளவு காற்று என்று விநாடி விநாடியாகத் தொடரும் முறை. நேராகச் சுவருக்குப் போகாமல் முதலில் ஸ்லம்ப் ஃப்ளோ கூம்பையே கணினியில் தூக்கிப் பார்த்தேன். அது 700 மி.மீ. பரவி நின்றால்தான் கொடுத்த எண்களை நம்பலாம். இங்கே புதிதாக இறங்குபவர்கள் கவனிக்க இரண்டு விஷயங்கள். அந்த மென்பொருள் விளைவுத் தகைவை அடர்த்தியால் வகுத்துக் கேட்கும், 23 பாஸ்கலுக்கு 0.01 என்று கொடுக்க வேண்டும். அப்புறம், அசையாமல் நிற்கும் பொருளைக் கணக்கில் அப்படியே வைக்க முடியாது. மிக உயர்ந்த பிசுக்குமை ஒன்றை உச்சவரம்பாக வைத்து, நிற்பதற்குப் பதில் மிக மிக மெதுவாக ஊர்வதாக எடுத்துக்கொள்ளும். திரையில் கான்கிரீட் நிற்கவே நிற்காது. எந்த வேகத்துக்குக் கீழே போனால் நின்றதாகக் கொள்வது என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த வரம்பைக் கொஞ்சம் மாற்றி மாற்றிப் பார்த்து, விடை தலைகீழாக மாறவில்லை என்று உறுதிசெய்துகொள்வது அவசியம்.

கம்பிகளை ஒவ்வொன்றாக வரைந்தால் கட்டங்கள் பல மடங்காகப் பெருகிவிடும். பெர்லினில் உள்ள பாம் என்ற பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கம்பிக் கூட்டை பஞ்சு போன்ற நுண்துளை ஊடகமாகக் கருதும் வழியைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள், அதையே எடுத்துக்கொண்டேன். இந்தத் துறையில் எந்த முறை எதற்கு உதவும் என்று ஓரிடத்தில் பார்க்க விரும்புபவர்களுக்கு ரூசெலும் அன்னிகா கிராமும் தொகுத்த, கட்டுமானப் பொருள் ஆய்வாளர்களின் சர்வதேச அமைப்பான ரைலெமின் அறிக்கை, 2014இல் வந்தது, இன்றைக்கும் நல்ல வாசல்.

நான் சேர்த்தது ஒன்றே ஒன்றுதான்: ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கடிகாரம். அங்குள்ள கான்கிரீட் நின்றால் கடிகாரம் ஓடும், அசைந்தால் பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். முதலில் பழைய தொட்டியில் நடந்ததை அப்படியே ஓட்டினேன். இரண்டு வண்டிக்கும் இரண்டு நிறம். பாதி உயரத்தில் நிறங்கள் கத்தியால் வெட்டியதுபோல் பிரிந்து, ஹோஸுக்கு அடியில் மட்டும் குழம்பின. சுவரில் பார்த்த அதே கோடு. அடுத்து, கூட்டத்தில் சொன்ன மருந்தைக் கொடுத்தேன். ஸ்லம்ப் ஃப்ளோவை ஏற்றி, வேகத்தையும் கூட்டினேன். கோடு அதே இடத்தில் நின்றது. வேகமாக ஊற்றியதால் முதல் வண்டி இன்னும் சீக்கிரம் காலியாகி, காத்திருக்கும் நேரம்தான் நீண்டிருந்தது.

என் எண்ணம் புரண்டது அந்த இரவில்தான். அதுவரை கான்கிரீட் எவ்வளவு தூரம் ஓடும் என்றே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். கடிகாரப் படத்தைப் பார்த்தபோது, கீழே ஆழத்தில் கான்கிரீட் நிற்பதால் எந்தக் கேடும் இல்லை என்பது தெளிவானது. எப்படி ஊற்றினாலும் அது நிற்கத்தான் செய்யும். மேல்பரப்பு நிற்கக் கூடாது, அவ்வளவுதான். புதுக் கான்கிரீட் தன் மேல் ஏறும் முன் மேல்பரப்பு எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது என்ற ஒரே எண்ணைக் குறைக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் வேகமாக ஊற்றிவிட்டுக் காத்திருப்பதைவிட, மெதுவாக, விடாமல் ஊற்றுவது மேல். முதல் வண்டியை அரை மணி நேரத்துக்கு இழுத்து, அது தீர்வதற்குள் இரண்டாவது வண்டி வாசலில் நிற்கும்படி வைத்தால் மேல்பரப்பின் கடிகாரம் எங்கேயும் சில நிமிடங்களைத் தாண்டவில்லை. ஹோஸை நடுவே கொண்டுவந்ததும் ஓடும் தூரம் பாதியாகி, கோடிகளின் மட்டம் இன்னும் சீரானது.

மெதுவாக ஊற்றியதில் இன்னொரு லாபமும் கிடைத்தது. 4 மீட்டர் உயரத்துக்கு எஸ்சிசியை ஒரே மூச்சில் ஊற்றினால் அடியில் பலகையைத் தள்ளும் அழுத்தம் முழு நீர்ம அழுத்தத்தை நெருங்கும், சுமார் 90 கிலோபாஸ்கல். தளத்தில் இருந்த பலகைச் சட்டங்கள் தாங்குவது 80. ஒரு மணி நேரத்தில் நிரப்பினால் கீழே இருப்பது கட்டிக்கொண்டு பலகையைப் பிடித்துக்கொள்வதால், அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து 73 வரை இறங்குகிறது. கோடு போட்ட அதே குணம் இங்கே பலகையைக் காப்பாற்றுகிறது. திக்ஸோட்ரோபி கெட்டது என்று அதைக் குறைக்கும் அட்மிக்சர் (கலவையில் சேர்க்கும் வேதிப்பொருள்) தேடுபவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

தளத்தில் இதை விளக்கியபோது மேஸ்திரி அண்ணன் படத்தை உற்றுப் பார்த்தார். "அப்போ வண்டியைத்தான் மேய்க்கணும்னு சொல்றீங்க" என்றார். இத்தனை பக்கக் கணக்கும் அந்த ஒரு வரிக்குள் இருந்தது. இரண்டாவது வண்டி கேட்டுக்குள் வந்த பிறகே முதல் வண்டியைத் திறப்பது என்று அவரே முடிவு செய்தார். அதற்கேற்ப, இறுகுவதைத் தாமதிக்கும் ரிடார்டர் அளவை ஆலையில் பேசி மாற்றினோம். ஊற்றும்போது ஹோஸைக் கான்கிரீட்டுக்குள் முக்காமல், பரப்புக்குச் சற்று மேலேயே வைத்துக்கொண்டு அவர் நின்றார். அந்தச் சுவர் நீர்ச் சோதனையில் காய்ந்தே இருந்தது. ஒரு சுவரை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது, அன்று வண்டி தாமதமாகவும் இல்லை.

நான் ஓட்டிய கணக்கில் ஜல்லி என்று ஒன்று தனியாக இல்லை, மொத்தமும் ஒரே பாய்மம். நீண்ட தூரம் ஓடும்போது ஜல்லி பின்தங்கி, கோடியில் வெறும் சாந்து சேர்வது அதில் தெரியாது. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜல்லி இடம்பெயர்வதையும், எஃகு இழைகள் எந்தத் திசையில் திரும்பிப் படுக்கின்றன என்பதையும்கூடக் கணித்துக் காட்டியிருக்கிறார்கள். மடிக்கணினியில் செய்கிற வேலை இல்லை அது. அதுவரை கிடைமட்ட ஓட்டம் 10 மீட்டரைத் தாண்ட வேண்டாம் என்ற, ஐரோப்பியக் கான்கிரீட் துறைக் கூட்டமைப்பான எஃப்நார்க்கின் வழிகாட்டுதலை நான் அப்படியே பின்பற்றுகிறேன். நடுவில் ஹோஸ் வைத்தால் 12 மீட்டர் சுவர் தானாகவே அதற்குள் அடங்கிவிடுகிறது.

எனக்கு இப்போது பெரிய உறுத்தல் அந்த 0.3தான். அது குளிரூட்டிய ஆய்வகத்தில் அளந்தது. மே மாத மதியத்தில், வெயிலில் காய்ந்த பலகைக்குள், அதே கலவை விநாடிக்கு எவ்வளவு ஏறும்? இரண்டு மடங்கானால் என் கணக்கில் அனுமதித்த இடைவெளி பாதியாகிவிடும். வண்டி வந்ததும் ஸ்லம்ப் ஃப்ளோ எடுக்கும்போதே இன்னொரு கூம்பையும் நிரப்பி, பத்து நிமிடம் தொடாமல் வைத்துவிட்டுத் தூக்கிப் பார்க்கச் சொல்லி இருக்கிறேன். இரண்டு பரவலுக்கும் உள்ள வித்தியாசம் பதிவேட்டில் தனிப் பத்தியாக ஏறுகிறது, பக்கத்தில் கான்கிரீட்டின் வெப்பநிலையும். வெயில் காலத்தில் எஸ்சிசி ஊற்றுபவர்கள் யாராவது இப்படி அளந்து வைத்திருந்தால், கலவை விவரத்தோடு எழுதுங்கள். என்னிடம் சேர்ந்திருப்பதையும் தருகிறேன்.